கைப்பிடி அரிசி: நெல்லைச் சீமையில் ஏழு நாட்கள்

முதல் நாள், வியாழன்

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து திருநெல்வேலிச் சந்திப்பில் இறங்கினோம். நானும் அவரும், எட்டாம் வகுப்பு முடித்திருக்கும் மூத்தவளும், இரண்டாம் வகுப்புக்குப் போகவிருக்கும் சின்னவனும். மே மாத வெயில் காலையிலேயே முதுகில் உறைத்தது. ஆண்டுதோறும் வருகிற வழிதான். ஆனால் பிளாட்பாரத்தில் துண்டை உதறித் தோளில் போட்டபடி எங்கள் பெட்டியைத் தேடிக்கொண்டு நடந்துவர அப்பா இல்லாத முதல் பயணம் இது. சென்ற ஆகஸ்டில் கர்த்தர் அவரை எடுத்துக்கொண்டார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா போனதிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. அதைக் கோபம் என்று சொல்ல முடியாது. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போனேன், பாடினேன், திருவிருந்து வாங்கினேன். ஆனால் இரவில் முழங்காலிட்டால் "ஸ்தோத்திரம்" என்று வாய் சொல்லும்; மனம் எங்கோ வெறும் தரையில் உட்கார்ந்திருக்கும். பொங்கலுக்குப் பிறகு எங்கள் சென்னை வீட்டில் குடும்ப ஜெபமும் நின்றுபோயிற்று. ஒருநாள் அவருக்கு அலுவலகத்தில் நேரமாகிவிட்டது. ஒருநாள் மூத்தவளுக்குப் பரீட்சை. ஒருநாள் நானே மறந்துபோனேன். யாரும் நிறுத்தவில்லை, தானாக நின்றுவிட்டது.

ஊருக்குப் பஸ் ஏறுமுன் பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுர ஆலயத்துக்குப் போனோம். மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1826-இல் கட்டியது. "இதற்கு முன்பே கட்டிய கோயில் ஒன்று பக்கத்தில் இருக்கிறது, அதைப் பார்க்காமல் போகக் கூடாது" என்று அப்பா ஒவ்வொரு முறையும் கிளாரிந்தா அம்மையாரின் கோயிலுக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போவார். கோகிலா என்ற பெயரில் பிராமணக் குடும்பத்தில் பிறந்து விதவையான அந்தப் பெண்மணி, 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1785-இல் அவர் எழுப்பிய ஆலயத்தை ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொல்கிறார்கள். 1780-இல் எழுதப்பட்ட இந்தச் சபையின் முதல் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள். "நாற்பதே பேர்! நம் தெருவில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம்" என்பார் அப்பா. இந்த முறை மூத்தவள், அவரைப் போலவே கையை விரித்து அதைத் தன் தம்பிக்குச் சொன்னாள். நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

மூலைக்கரைப்பட்டி வழியாகத் திசையன்விளை பஸ். அங்கிருந்து ஆட்டோவில் எங்கள் சிற்றூர். வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். "மாப்பிள்ளை, வாருங்கள்" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "மெலிந்துபோயிருக்கிறாய்" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

இரவு சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்து வேதப்புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அப்பா வைத்த ஒரு சட்டம் உண்டு. வாசித்து முடித்ததும், ஒவ்வொருவரும் அன்றைக்கு நன்றி சொல்ல ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். "எல்லாவற்றுக்காகவும்" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. பெயர் சொல்லித்தான் சொல்ல வேண்டும். சின்னவன் ரயிலில் தனக்குக் கிடைத்த மேல் பெர்த்துக்காகச் சொன்னான். அவர் வடை கொண்டுவந்த பையனுக்காகச் சொன்னார். என் முறை வந்தது. "எல்லாவற்றுக்காகவும்" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். திருத்தவில்லை. ஆமென் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

இரண்டாம் நாள், வெள்ளி

கோயில் மணிச் சத்தத்தில் விழித்தேன். அடுக்களையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவோரமாக உட்கார்ந்து அம்மா சமைப்பதை நெடுநேரம் பார்த்தேன். எத்தனையோ ஆண்டுகளாகப் பார்க்காத ஒன்று.

உழக்கால் அரிசியை அளந்து சுளகில் போட்டாள். வெளிச்சத்தில் பிடித்துக் கல் பார்த்தாள். பிறகு வலது கையால் ஒரு பிடி அள்ளினாள். கண்ணை மூடினாள், உதடு மட்டும் அசைந்தது. மூட்டுவலியால் அவளுக்கு மோதிர விரல் முழுதாக மடங்குவதில்லை. அந்த இடைவெளி வழியாக ஐந்தாறு அரிசி சுளகில் உதிர்ந்தது. கைப்பிடியை, மூடி நசுங்கிய பழைய பிஸ்கட் டின்னில் போட்டாள். பிறகு சுளகில் உதிர்ந்ததையும் விரல் நுனியால் ஒற்றி எடுத்து அதே டின்னில் போட்டாள். ஒருமுறை பிடிக்குள் வந்தது ஆண்டவருக்கு உரியதாகிவிட்டதாம்.

பிடியரிசி எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பழைய வழக்கம். உலை வைக்கிற ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பொதுச் சாக்கில் கொட்டுவார்கள். சேர்ந்ததை விற்று ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் அவரோடு இருந்தவர்களும் வைத்துக்கொண்ட கொள்கை, ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம், நிர்வாகமும் நம் நிர்வாகம் என்பது. தெலுங்கு தேசத்து தோர்ணக்கலுக்கு அவர்கள் ஊழியரை அனுப்பினார்கள். 1912-இல் அசரியாவே அங்கே பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். பெரிய பணக்காரர்கள் இருந்த ஊர்கள் அல்ல இவை. நம் பணம் என்றால் அது கருப்பட்டிப் பணமும் அரிசிப் பணமும்தான்.

நான் பார்த்துக்கொண்டிருந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீடு நிறைய ஆள் இருந்த காலத்தில் அம்மா ஒரு படி அரிசி போடுவாள். பிறகு அப்பாவும் அவளும் மட்டுமானபோது ஒன்றரை உழக்கு. இப்போது தனியாக இருக்கும் நாளில் அரை உழக்குதான் என்றாள். அளவு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பிடி மட்டும் அதே பிடி.

"அரை உழக்கில் ஒரு பிடி எடுத்தால் உனக்கு என்னம்மா மிஞ்சும்?" என்றேன்.

"மிஞ்சுகிறது" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒன்பது மாதமாக உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது. "அப்பா போன மறுநாளும் போட்டாயா?"

அவள் அடுப்பில் தண்ணீரை வைத்தாள். "மறுநாள் நம் வீட்டில் ஏது உலை? மூன்று நாளும் மேலவீட்டிலிருந்துதானே சோறு வந்தது. நீயும்தான் சாப்பிட்டாய்."

சாப்பிட்டேனா? எனக்கு நினைவில்லை. எதைச் சாப்பிட்டேன், யார் பரிமாறினார்கள் என்று ஒன்றுமே நினைவில்லை.

சாயங்காலம் பிள்ளைகளோடு விடிலிக்குப் போனோம். பனையோலைக் குடிசைக்குள் பதநீரைக் காய்ச்சுகிற அடுப்பு. அனல் முகத்தில் அடித்தது. பனையேறும் மாமா அப்பாவின் சிநேகிதர். அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டி, முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, அவர் ஏறுகிற வேகத்தைச் சின்னவன் வாயைப் பிளந்து பார்த்தான். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஒவ்வொரு மரமும் ஏறிப் பாளை சீவ வேண்டும். ஒருநாள் விட்டாலும் பாளை காய்ந்து ஊற்று அடைத்துப்போகும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருப்பதற்கு. அவர் நெஞ்சிலும் உள்ளங்காலிலும் தோல் மரப்பட்டையைப் போலக் காய்த்திருந்தது. பனை மட்டையைப் போலச் சொரசொரத்த அதே கையால் சின்னவனின் கன்னத்தைத் தொட்டு, சிரட்டையில் ஊற்றி ஆறவைத்த கருப்பட்டி ஒன்றைக் கொடுத்தார்.

மூன்றாம் நாள், சனி

சின்னவனுக்கு இரவெல்லாம் காய்ச்சல். வெயிலில் ஆடியது ஒத்துக்கொள்ளவில்லை. இரவு இரண்டு மணிக்கு மின்சாரமும் போயிற்று. அம்மா ஓலை விசிறியோடு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தவள் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. நான் ஈரத்துணி மாற்றினேன். மதியம் உடம்பு வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. உளுந்தங்கஞ்சி குடித்தான். உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போவதாக இருந்தோம். போகவில்லை.

நான்காம் நாள், ஞாயிறு

எங்கள் ஊர்க் கோயில் சிறியது. ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், வலப்பக்கம் பெண்கள், இடப்பக்கம் ஆண்கள். வாசலுக்கு உள்ளே வலதுபுறம் சாக்கு ஒன்று வாயை விரித்து நிற்கும். பெண்கள் டின்னும் தூக்குவாளியும் துணிப்பையுமாக வந்து அதில் அரிசியைக் கவிழ்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி, பொன்னி எல்லாம் ஒன்றாகக் கலந்து, நிறம் நிறமாக, சாக்கின் கழுத்துவரை ஏறியிருந்தது. அம்மாவும் தன் டின்னைக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

காணிக்கை எடுத்து முடிந்ததும், குருவானவர் ஸ்தோத்திர காணிக்கை உறைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். சென்னையிலும் இது உண்டு. அங்கே நான் அந்த நேரத்தில் கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டிருப்பேன். இன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்ததற்காக நூறு ரூபாய். காணாமல்போன ஆடு மூன்றாம் நாள் குட்டியோடு திரும்பி வந்ததற்காக ஐம்பது ரூபாய். கிணற்றில் நல்ல தண்ணீர் கண்டதற்காக. வளைகுடாவில் இருக்கும் மகன் ஃபோனில் பேசியதற்காக, அவ்வளவுதான், பேசியதற்காக, இருபது ரூபாய். பேரனுக்குக் காய்ச்சல் இறங்கியதற்காக என்று அம்மாவின் பெயரும் வந்தது.

பனையேறும் மாமா வெள்ளை வேட்டி சட்டையில் முன்னே போனார். உறை இல்லை. ஓலைக் கொட்டானில் கருப்பட்டி கொண்டுபோய்ப் பீடத்தின் கீழ் வைத்தார். பாதிப் பருவம் கழிந்துவிட்டது, கை கால் பிசகாமல் இறக்கி விட்டதற்காக என்று குருவானவர் சொன்னார். வெள்ளிக்கிழமை அந்த மரத்தின் உயரத்தை நான் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் விழுந்து படுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அத்தனை முறை ஏறி, அத்தனை முறை இறங்குகிற ஒரு மனிதருக்கு "இறங்கினேன்" என்பதே எவ்வளவு பெரிய சொல்!

நானும் ஓர் உறை வாங்கியிருந்தேன். பெயர் எழுதினேன், பணம் வைத்தேன். "எதற்காக" என்ற கோட்டின் மேல் பேனா நின்றது. ஆடு, கிணறு, ஃபோன் என்று மற்றவர்கள் பெயர் சொல்லிக் கொண்டுவந்து வைக்கிற இடத்தில் பொதுவான ஒரு சொல்லை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. வெறுமையாகவே போட்டேன். குருவானவர் என் பெயரை வாசித்து, ஒரு கணம் உறையைத் திருப்பிப் பார்த்து, "ஸ்தோத்திர காணிக்கை" என்று மட்டும் சொல்லி அடுத்ததை எடுத்தார்.

ஐந்தாம் நாள், திங்கள்

இடையன்குடி. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். கால்டுவெல் ஐயர் சென்னையிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு 1841-இல் வந்து சேர்ந்த ஊர். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு உலகத்துக்கே தமிழை எடுத்துக்காட்டிய அறிஞர், வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தது இந்தச் செம்மணலிலும் பனங்காட்டிலும்தான். அவருடைய மனைவி எலைசா அம்மையார் நாகர்கோவில் மால்ட் ஐயரின் மகள். இங்கத்துப் பெண்களுக்குப் பள்ளியும் லேஸ் பின்னும் வேலையும் ஏற்படுத்தித் தந்தவர். அவர்கள் வாழ்ந்த வீடு இன்று அரசின் நினைவு இல்லம்.

ஆலயத்தின் கூர்வளைவு ஜன்னல்களின் கீழ் நின்றுகொண்டு என் கணவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். 1847-இல் தொடங்கிய வேலை, 1880-இல் பிரதிஷ்டை. மூத்தவள் உடனே "33 வருஷம்" என்றாள். பிறகு அவளே, "அப்படியென்றால் முதலில் கல் சுமந்தவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்களே அம்மா" என்றாள். சிலர் பார்த்திருப்பார்கள், பலர் பார்த்திருக்க மாட்டார்கள். அப்பா இந்தக் கேள்வியைக் கேட்டால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்தேன். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அப்பாவை நினைத்தபோது தொண்டை அடைக்கவில்லை. கல் தரை குளிர்ச்சியாக இருந்தது. 1891-இல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லை இங்கே கொண்டுவந்துதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஜெபித்தேன் என்று சொல்ல மாட்டேன். எழுந்து போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

திரும்பும்போது சாலையோரம் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். சின்னவன் பெருவிரலை விட்டுத் தோண்டித் தின்று சட்டையெல்லாம் கறை.

ஆறாம் நாள், செவ்வாய்

வள்ளியூர், ஏர்வாடி வழியாக டோனாவூர் போய்வந்தோம். ஊர்ப் பெயர் ரேனியஸ் ஐயர் காலத்தில் பணம் கொடுத்து உதவிய டோனா பிரபுவின் பெயர். 1901-இல் வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், கோயில்களுக்கு விடப்பட்ட பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்த இடம் இது. மேற்கே மலை, மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடுகள், எங்கும் பறவைச் சத்தம். 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டவர், 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையோடுதான் கிடந்தார். தன் கல்லறை மேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டியை வைத்திருக்கிறார்கள். தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லைத்தான் அதில் பொறித்திருக்கிறார்கள்.

அம்மாவும் எங்களோடு வந்திருந்தாள். அப்பாவின் கல்லறைக்கு என்ன எழுதுவது என்று இத்தனை நாளும் தம்பியும் நானும் ஃபோனில் பேசிப் பேசி முடிவுக்கு வராமல் இருந்தோம். திரும்புகிற பஸ்ஸில், "பெயரும் தேதியும் போதும்" என்றாள் அம்மா. சரி என்றேன்.

ஏழாம் நாள், புதன்

பெட்டி கட்டியாயிற்று. வழிக்குப் புளிச்சோறும், எள்ளுத் துவையலும், ஓலைப்பெட்டியில் கருப்பட்டியும். சொல்லிக்கொள்வதற்காக மேலவீட்டுப் பெரியம்மாவிடம் போனேன். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து ஓலை நார் கிழித்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, அப்பா இறந்தபோது மூன்று நாள் நீங்கள்தான் எங்களுக்குச் சோறு ஆக்கித் தந்தீர்களாம். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டேன்."

"அதற்கு என்ன வார்த்தை வேண்டிக்கிடக்கிறது? நான் விழுந்து கிடந்தபோது உன் அம்மா ஆக்கித் தரவில்லையா?" என்றவர், நாரைக் கீழே வைத்தார். "ஒன்று தெரியுமா? அந்த மூன்று நாளும் இரண்டு பிடி எடுத்துவைத்தேன். எங்கள் வீட்டுக்கு ஒன்று, உங்கள் வீட்டுக்கு ஒன்று. உன் அப்பா வீட்டுப் பிடி ஒருநாளும் நின்றதில்லை, பார். நான் இருக்கும்போது எப்படி நிற்கும்?"

நான் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அடக்கத்துக்கு வந்த கூட்டத்தின் நடுவில்கூட அப்படி அழவில்லை. பெரியம்மா எதுவும் சொல்லவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, நாரை எடுத்துக் கிழிக்கத் தொடங்கினார். ஆட்டோ வந்து ஹாரன் அடிக்கும்வரை அங்கேயே இருந்தேன்.

எனக்கு வாய் வராமல், வயிற்றுக்குள் என்ன போகிறது என்றே தெரியாமல் கிடந்த அந்த மூன்று நாளும், எங்கள் வீட்டுப் பெயரில் ஒருவர் நன்றி செலுத்திக்கொண்டிருந்திருக்கிறார். வருகிற வழியெல்லாம் இதையே திரும்பத் திரும்ப அவரிடம் சொன்னேன். அவரும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

இதை ரயிலில் எழுதுகிறேன். கோவில்பட்டி தாண்டியதும் புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். சின்னவன் மேல் பெர்த்துக்கு ஏறப்போனவன் நின்று, "ஆச்சி வீட்டில் மட்டும்தான் ஜெபமா? இங்கே கிடையாதா?" என்று கேட்டான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கீழ் பெர்த்தில் நால்வரும் நெருக்கி உட்கார்ந்தோம். மூத்தவள் தன் ஃபோனில் ஒரு சங்கீதம் வாசித்தாள். வண்டிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. சின்னவன் நுங்குக்காகச் சொன்னான். அவள் இடையன்குடியில் கல் சுமந்தவர்களுக்காகச் சொன்னாள். அவர் பனையேறும் மாமாவுக்காகச் சொன்னார்.

நான், "மேலவீட்டுப் பெரியம்மா போட்ட மூன்று பிடி அரிசிக்காக" என்றேன்.

எதிர் பெர்த்தில் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர் இருந்தார். விளக்கை அணைக்கக் கையை உயர்த்தியவர், நாங்கள் கண்ணை மூடுவதைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார். சின்னவன் ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனான். ஆச்சி, மாமா, பனைமரம், ஆச்சி வீட்டுப் பூனை என்று வரிசையாகச் சொன்னான். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தோம். பெரியவர் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தார்.

"முடிந்துவிட்டதா தம்பி? அணைக்கலாமா?" என்று கேட்டார்.